எறிகிறவன் சட்டை

எங்கள் மகள் ஷர்லிக்குப் பிடித்த பையன் ஜெர்மனியில் ஏதோ அமெரிக்க விளையாட்டு விளையாடுகிறான் என்று என் மனைவி வியாகுலமேரி சொன்னபோது நான் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். என்ன விளையாட்டு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மடையை மாற்றிவிட்டு அடுத்த பாத்தி நிறையும் வரை நின்றேன். அவளும் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். எனக்குப் பதில் வரும் நேரம் எது, வராத நேரம் எது என்று அவளுக்குத் தெரியும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னவர் பக்கத்துக் கொல்லைக்காரர் பெரியண்ணன். பெயர்தான் அப்படி; என்னைவிட இளையவர், என்னைத்தான் அண்ணன் என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஆவூர் பங்குக் கோயிலுக்குப் பூசைக்குக் கிளம்பும்போது அவர் மோட்டார் ரூம் வாசலில் போனை ஒரு செங்கல்லில் சாய்த்துவைத்து, அமெரிக்காவிலிருந்து நேரடியாக வரும் கூண்டுச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இருப்பார். வயல் நிறைந்து தண்ணீர் ரோட்டுக்கு வந்திருக்கும்.

"அமெரிக்க விளையாட்டுன்னா இதுதாண்ணே. இப்ப ஐரோப்பா பூராவும் இதத்தான் பாக்குறானாம்," என்றார். "எட்டு மூலைக் கூண்டு. ரெண்டு பேர உள்ள விட்டுக் கதவச் சாத்திருவாங்க. குத்தலாம், ஒதைக்கலாம், கழுத்த நெரிக்கலாம். தாங்க முடியாதவன் தரையத் தட்டுவான். தட்டுனா தோத்துட்டான்னு அர்த்தம். மாப்ள இதுல இருக்காருன்னா சும்மா இல்லண்ணே!"

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தெருவுக்கே சொல்லிவிட்டார்.

ஷர்லி ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தப் பையன் பெயர் ஜெறோம். யாழ்ப்பாணத்திலிருந்து போன குடும்பம், நம்மைப் போலவே கோயிலுக்குப் போகிறவர்கள், அவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஜெர்மனியில்தான். டிராம் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். ஒரு நாள் விரல் பிசகி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறான். டாக்டர் விரலை இழுத்து நேராக்க, அந்தப் பெரிய உடம்பிலிருந்து "ஐயோ அம்மா" என்று தமிழ் வந்திருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் என் மகள். இவ்வளவும் வியாகுலமேரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெரியண்ணன் சொன்னதை நான் நம்பினேன். நம்பியதைச் சரிபார்க்கவும் இல்லை. வியாகுலமேரி மட்டும் போனில் கேட்டாள்: "கண்ணு, அந்த வெளையாட்டுல ரொம்ப அடிபடுமா?" ஷர்லி, "படும்மா. ஆனா ஹெல்மெட் போட்டுக்குவாங்க," என்றாளாம். அதைப் பெரியண்ணனிடம் சொன்னோம். அவர் கண்கள் விரிந்தன. "ஹெல்மெட் போட்டா? அப்ப இன்னும் பெரிய சண்டைண்ணே!"

அவன் போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூக்கு நேராத்தான் இருக்கு. காதுதான் முக்கியம். கூண்டுல நிக்கிறவன் காது பணியாரம் கணக்கா வீங்கி மடிஞ்சிருக்கும்." போட்டோவில் ஜெறோம் குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டிருந்தான். காது தெரியவில்லை. வியாகுலமேரி அன்று மாலையே எங்கள் ஊர் செபஸ்தியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்குப் போகாமல் பெரியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருவன் இன்னொருவனைக் கம்பிவலையில் சாய்த்து அடித்துக்கொண்டிருந்தான். அடிபட்டவனின் புருவத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது. மணி அடித்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, நெற்றியோடு நெற்றி வைத்து ஏதோ பேசினார்கள். என்ன பேசியிருப்பார்கள் என்று பல நாள் யோசித்தேன். களை எடுக்கும்போது, சாப்பிடும்போது, தூக்கம் வராதபோது. கட்டிப்பிடிக்கத் தெரிந்தவனுக்கு முதலில் எதற்கு அந்தக் கூண்டு? அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து கதவைத் திறப்பவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்?

அந்த வாரம் ஷர்லி என்னிடம் பேசினாள். எங்கள் போன் பேச்சில் பேச்சு குறைவு. அவள் போனை மேசையில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவாள், குக்கர் வைப்பாள். நான் இங்கிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சிறு வயதிலிருந்தே அவளுக்கு என் மௌனம் பழக்கம். அதற்குள் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள்.

"அப்பா, நீங்க வேண்டாம்னு சொன்னா நான் அவரைப் பண்ணிக்க மாட்டேன்," என்றாள். கத்தி பலகையில் தட்டும் சத்தம் நின்றிருந்தது. "ஆனா வேற யாரையும் பண்ணிக்க மாட்டேன். கோவத்துல சொல்லலப்பா. சும்மா தெரிஞ்சுக்கங்க."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"வர்ற சனிக்கிழமை அவங்களுக்கு ஃபைனல். நம்ம ஊர் டைம் நாலரைக்கு நேரடியா காட்டுவாங்க. நீங்க பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. அன்னைக்கே அவங்க அப்பா உங்களுக்குப் போன் பண்ணுறேன்னு சொல்லியிருக்கார்."

பிறகு மறுபடி வெங்காயம் நறுக்கும் சத்தம். இம்முறை மெதுவாக.

சனிக்கிழமை மூன்று மணிக்கே வீடு நிறைந்துவிட்டது. திருக்கோகர்ணத்திலிருந்து என் மைத்துனி ஜெயராணி முறுக்கு டப்பாவோடு வந்தாள். பள்ளிக்கூட டீச்சர், வகுப்பில் பேசுவதைப் போலவே வீட்டிலும் பேசுவாள். அவள் ஹேண்ட்பேக்கில் துபாயில் வேலை பார்க்கும் ஒரு இன்ஜினியரின் போட்டோ இருந்தது எனக்கும் தெரியும், வியாகுலமேரிக்கும் தெரியும்.

"அத்தான், நான் ஒண்ணும் சொல்லல," என்று உட்கார்ந்தாள். "நாளைக்கு நம்ம புள்ள ஒரு கொழம்புல உப்பு கூடப் போட்டுட்டா என்ன ஆகும்னு மட்டும் யோசிங்க."

"ஏன்டி, வந்ததும் வராததுமா ஆரம்பிக்கிற?" என்றாள் வியாகுலமேரி.

பெரியண்ணன் குளித்து, விபூதி பூசி, இஸ்திரி வேட்டியில் வந்திருந்தார். தெருவில் பாதிப் பேரை அழைத்து வந்து டிவிக்கு முன்னால் உட்காரவைத்தார். குத்து எப்படி விழும், எப்படி நெரிப்பார்கள் என்று தன் கழுத்தையே பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

படம் வந்தது. மழையில் நனைந்த ஒரு பெரிய பச்சை மைதானம். குறுக்கே வெள்ளைக் கோடுகள். குடை பிடித்த கூட்டம்.

எல்லோரும் காத்திருந்தோம்.

"கூண்டு எங்க?" என்றார் பெரியண்ணன்.

"பொறவு தூக்கிட்டு வந்து வைப்பாங்களா இருக்கும்," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

ஹெல்மெட் போட்ட ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஓடி வந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு ஐம்பது பேர், அந்தப் பக்கம் ஒரு ஐம்பது பேர். ஜெயராணி நெஞ்சில் சிலுவை போட்டாள். "இத்தனை பேரையும் ஒரே கூண்டுலயா விடுவாங்க?"

அப்போது ஷர்லியின் போன் வந்தது. மைதானத்திலிருந்தே பேசினாள். ஸ்பீக்கரில் போட்டோம். ஜெயராணி முந்திக்கொண்டு கூண்டைப் பற்றிக் கேட்டாள்.

"சித்தி, கூண்டா? என்ன கூண்டு?" என்றாள். விஷயம் புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. "ஐயோ, அது வேற! இது ஃபுட்பால். அமெரிக்கன் ஃபுட்பால். பந்தைக் கையில எடுத்துக்கிட்டு அந்தக் கடைசிக் கோட்டுக்குக் கொண்டு போகணும். இங்க எல்லாருக்கும் இப்ப இதுதான் பைத்தியம். எங்க வார்டுல எண்பது வயசுத் தாத்தா ஒருத்தர், அமெரிக்கா மேட்ச் பாக்கணும்னு மாத்திரை நேரத்தையே மாத்தித் தரச் சொல்றார்! அப்பா, நீங்களும் கூண்டுன்னா நெனச்சீங்க?"

எனக்குள்ளே ஏதோ ஒன்று, நனைந்த மூட்டையைத் தோளிலிருந்து இறக்கியது போல, இறங்கியது. ஒரு மாதமாக நான் சுமந்த கூண்டு எங்குமே இல்லை. வியாகுலமேரி என்னைப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

பெரியண்ணனுக்குத்தான் வருத்தம். "சரி, பாப்போம். ஹெல்மெட் சும்மாவா கொடுத்திருப்பான்," என்று வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எழுபத்திநாலாம் நம்பர் பாருங்க," என்று சொல்லிவிட்டு ஷர்லி வைத்தாள்.

ஆட்டம் தொடங்கியது. ஒருவன் குனிந்து காலுக்கிடையே பந்தைப் பின்னால் தருவான். பின்னால் நிற்பவன் அதை வாங்கி, இரண்டு எட்டு பின்வாங்கி, தூரத்தில் ஓடுகிறவனுக்கு எறிவான். எதிரிகள் எல்லோரும் அந்த எறிகிறவனைச் சாய்க்கப் பாய்வார்கள். கொஞ்ச நேரத்தில் இவ்வளவும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வெள்ளைச் சட்டை நம் ஆட்கள், கறுப்புச் சட்டை எதிரிகள் என்பதும் விளங்கியது. முறுக்கு கைமாறியது. பந்து மேலே போகும்போதெல்லாம் வீடே "ஓஓ" என்றது.

ஆனால் எழுபத்திநாலு பந்தைத் தொடவே இல்லை.

"மாப்பிள்ளை என்னதான் பண்றார்?" என்றாள் ஜெயராணி. "குனியறார், எந்திரிக்கிறார், யாரையோ முட்டுறார், விழுறார். மறுபடி குனியறார்."

"ரிசர்வ்ல இருப்பாரு," என்றார் பெரியண்ணன்.

"மைதானத்துல நிக்கிறாரே!"

"அப்ப பந்து குடுக்க மாட்டேங்கிறானுக. வெளியூர்க்காரன்னு ஒதுக்குறானுக."

"அவரு அங்கயே பொறந்தவருங்க," என்றாள் வியாகுலமேரி. முதல்முறையாக அவள் குரலில் அவனுக்காக ஒரு சூடு வந்திருந்தது.

இங்கே எங்கள் தேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் எங்கள் ஊரில் செபஸ்தியார் தேர். ஊரே வடம் பிடிக்கும். எங்கள் வீட்டு ஆண்கள் மட்டும் வடம் தொடுவதில்லை. இடது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது எங்கள் குடும்பத்து வேலை. தேரோடு கூடவே குனிந்து நடந்து, திருப்பத்தில் சக்கரத்தின் அடியில் கட்டையைச் சரியாகக் கொடுக்க வேண்டும். தேரை நிறுத்துவதற்கு அல்ல. ஓடுகிற தேரை எந்தக் கட்டையாலும் நிறுத்த முடியாது. அதைக் கொஞ்சம் திருப்பிவிடலாம், அவ்வளவுதான். ஓரத்து வீடுகள் தப்பிக்கும். எல்லோரும் மேலே பார்ப்பார்கள், விளக்கையும் பூவையும் செபஸ்தியாரையும். நாங்கள் சக்கரத்தைப் பார்ப்போம். தேர் ஓடும்போது செபஸ்தியாரின் முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. தம்பி மஸ்கட் போன பிறகு நான் ஒருவனாகத்தான் குனிகிறேன்.

அதனால்தானோ என்னவோ, எல்லோர் கண்ணும் பந்தோடு போனபோது என் கண் கீழே போனது. எறிகிறவனின் இடது பக்கம். அங்கே எழுபத்திநாலு நின்றான்.

அவன் முன்னால் பனைமரம் போல ஒருவன் வந்துகொண்டே இருந்தான். ஜெறோம் அவனை நிறுத்தவில்லை. நெஞ்சில் கை கொடுத்து, அவன் தள்ளத் தள்ளப் பின்னால் போனான், அடி மேல் அடி வைத்து. போகிற போக்கில் இடுப்பைக் கொஞ்சம் திருப்பினான். பனைமரம் எறிகிறவனைத் தாண்டி, யாரும் இல்லாத இடத்துக்கு வேகமாகப் போய் நின்று திரும்பிப் பார்த்தது. அதற்குள் பந்து போய்விட்டது.

என்னை அறியாமல் என் வலது கை கட்டையைப் பிடிப்பதுபோல் மடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு நான் பந்தைப் பார்க்கவில்லை.

மழை வலுத்தது. மைதானம் நாற்றங்கால் ஆனது. ஒரு முறை, ஒரே ஒரு முறை, ஜெறோமின் கால் வழுக்கியது. பனைமரம் அவன்மேல் ஏறிப் போய் எறிகிறவனைச் சாய்த்தது. ஜெறோம் குப்புறக் கிடந்தபடி ஆத்திரத்தில் தரையை ஓங்கித் தட்டினான்.

பெரியண்ணன் துள்ளி எழுந்தார். "போச்சு! தட்டிட்டாரு! அண்ணே, மாப்ள தட்டிட்டாருண்ணே!" தலையில் கைவைத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். ஜெறோம் எழுந்து, எறிகிறவனைக் கைகொடுத்துத் தூக்கி, அவன் தோளில் ஒட்டிய சேற்றைத் துடைத்துவிட்டு, மறுபடி தன் இடத்தில் போய்க் குனிந்தான்.

"தட்டிட்டு எப்படி ஆடுறாரு? இது செல்லாது!"

"சும்மா உக்காருங்கய்யா, இது கூண்டு இல்ல!" என்று வீடே கத்தியது.

ஏழே கால் மணி இருக்கும். ஆட்டம் முடியப் போகிறது. நம் ஆட்கள் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். இந்த ஒரு முறை கடைசிக் கோட்டைத் தொட்டால் கப்பு. தொடாவிட்டால் இல்லை. முறுக்கு கடிக்கும் சத்தம் நின்றது. ஜெயராணி செபமாலையை எடுத்துவிட்டாள், யாருக்காக என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பந்து பின்னால் வந்தது. எறிகிறவன் வாங்கினான். எறியவில்லை. எறிய வாகாக யாரும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அங்குமிங்கும் பார்த்தபடி நின்றான். பனைமரம் வந்தது, கூடவே இன்னொருவனும் வந்தான். ஜெறோம் ஒருவனைத் தோளில் வாங்கினான், இன்னொருவனை நீட்டிய கையில் வாங்கினான். பின்னால் போனான். இன்னும் பின்னால். முழங்கால் மடங்கியது. விடவில்லை. சக்கரம் கட்டைமேல் ஏறப் போகும் நேரத்தில் ஒரு கிரீச்சிடும் சத்தம் வரும். அது என் காதில் கேட்டது.

வீடு வெடித்தது. எல்லோரும் எழுந்து குதித்தார்கள். யாரோ பந்தை எங்கோ பிடித்திருக்கிறார்கள். பெரியண்ணன் வியாகுலமேரியின் அலுமினியத் தட்டை எடுத்து அடித்தார். டிவி எனக்கு மறைந்துவிட்டது. ஒருவர் இடுப்புக்கும் இன்னொருவர் கைக்கும் நடுவில் கொஞ்சம் தெரிந்தது. அதில் ஜெறோமைப் பார்த்தேன். இரண்டு பேருக்கு அடியில் சேற்றில் கிடந்தான். பந்து எங்கே போனது என்று அவனுக்கும் தெரியாது. கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுத்தான் மெல்லத் தலையைத் தூக்கினான். தேர் நிலைக்கு வந்ததை நாங்களும் அப்படித்தான் வெடிச்சத்தம் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

கப்பு கொடுத்தார்கள். எறிகிறவனை நிற்க வைத்து மைக்கை நீட்டினார்கள்.

"அந்தப் பையன் எவ்வளவு லட்சணமா இருக்கான் பாருங்க," என்றாள் ஜெயராணி. "இத்தனை மழையில சட்டைகூட அழுக்காகல. நம்மாளப் பாருங்க, நம்பரே தெரியல. வயல்ல உருண்ட எருமை மாதிரி!"

நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியண்ணன் தட்டோடு நின்றார்.

"ஜெயராணி, அந்தச் சட்டையத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றேன். "அது எப்படி அழுக்காகாம இருக்குன்னு பாரு."

அவள் டிவியைப் பார்த்தாள். எறிகிறவனின் தோளில் ஒரே ஒரு சேற்றுக் கறை, துடைத்த விரல்களின் அடையாளத்தோடு. பின்னால் ஜெறோம், மழையில் ஹெல்மெட்டைக் கழற்றி நின்றான். காது நேராகத்தான் இருந்தது. ஜெயராணி ஹேண்ட்பேக்கின் ஜிப்பை இழுத்து மூடினாள். வியாகுலமேரி என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். ரவை வறுபடும் மணம் வந்தது.

போன் அடித்தது. ஷர்லி. "அப்பா, அவங்க அப்பா பேசுறதுக்கு முன்னாடி ஜெறோம் ஒரு நிமிஷம் பேசணுமாம்," என்று சொல்லிக் கைமாற்றினாள். ஸ்பீக்கரில் மழைச் சத்தம். ஒருவன் மூச்சு வாங்கும் சத்தம்.

"வணக்கம் மாமா."

நான் பேசவில்லை. அந்தப் பக்கத்தில் அவனும் "ஹலோ, ஹலோ" என்று கத்தவில்லை. லைன் போய்விட்டதா என்று கேட்கவில்லை. மழையில் நின்று காத்திருந்தான். அது எனக்குப் பிடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஜெயராணி பொறுக்க முடியாமல் நெளிந்தாள்.

"ஒங்களுக்குக் கால் ரொம்ப வழுக்குச்சா தம்பி?" என்றேன்.

"வழுக்கினது மாமா. கடைசியிலயும் வழுக்கினது. ஆனா விழேக்க அவனையும் பிடிச்சுக்கொண்டுதான் விழுந்தனான்."

பெரியண்ணன் தொடையில் அடித்துக்கொண்டார். "அப்படிப் போடுங்க!"

ஒரு மாதமாக எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றே சொல்லிவந்தார்கள், கேலிக்கும் சரி, ஆசைக்கும் சரி. நான் மட்டும் அந்தப் பையன் என்றே சொல்லிவந்தேன்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் இங்க தேர்," என்றேன். "இடது சக்கரத்துக்கு என்கூட ஒரு ஆள் கொறையிது. லீவு கெடைக்கும்ல, மாப்ள?"

அவன் பதில் சொல்வதற்குள் அங்கே ஒரு அலறல் கேட்டது. ஷர்லிதான். பிறகு சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம், பிறகு ஜெர்மன் மொழியில் பலபேர் என்ன என்ன என்று கேட்கும் சத்தம். அவள் அவர்களுக்கு ஏதோ சொன்னாள். அத்தனை பேரும் சேர்ந்து ஆர்ப்பரித்தார்கள்.

"எந்தச் சக்கரம் மாமா? எவ்வளவு பாரம்?" என்று ஜெறோம் அந்த இரைச்சலுக்குள் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வந்து பாருங்க," என்றேன்.

போனை யாரும் வைக்கவில்லை. மேசைமேல் அப்படியே கிடந்தது. அந்தப் பக்கம் மழையும் பாட்டும். இந்தப் பக்கம் கேசரி கிளறும் கரண்டிச் சத்தம். ஷர்லி போனைக் கையில் வாங்கியது மூச்சிலேயே எனக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். இம்முறை பேசாமல் இருந்தது அவள்தான். நானும் அவசரப்படுத்தவில்லை.

பெரியண்ணன் மட்டும் என் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணே, இவ்வளவு பலம் இருக்கே. ஒரே ஒரு தடவ கூண்டுக்குள்ள போய்ப் பாக்கச் சொல்லலாமா?"